ஆயாவுக்கு என்ன வேண்டும்

கஞ்சா விற்ற மூதாட்டி கைது என்று நாளிதழ்களின் உள்பக்கத்தில் அவ்வப்போது ஒரு செய்தி வரும். ஊர்ப்பெயர் மாறும், வயது அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக இருக்கும், படம் மட்டும் ஒரே படம்தான். இரண்டு பெண் காவலர்கள் விறைப்பாக நிற்க, நடுவில் அவர்கள் தோளுயரம்கூட வராத ஒருத்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேமராவை விட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். முன்னால் மேசையில் பொட்டலங்கள் கொலுப்படி மாதிரி அடுக்கியிருக்கும். தண்டையார்பேட்டைப் பக்கத்து டீக்கடைகளில் இந்தச் செய்தியை யாராவது சத்தமாகப் படித்தால் தவறாமல் ஒரு சிரிப்பு எழும். சிரித்து முடித்ததும் ஒருவர் சொல்வார்: "கெய்விக்கு இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" இந்தக் கேள்விதான் வெகுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதே பக்கத்தில் இருபத்தைந்து வயதுப் பையன் அதே பொட்டலங்களோடு நின்றால் அவனுக்கு இது தேவையா என்று யாரும் கேட்பதில்லை. பைக், போன், பெண், பந்தா, எதுவோ ஒன்று அவனுக்கு வேண்டியிருக்கும், அதை நாமே நிரப்பிக்கொள்கிறோம். கிழவியின் பக்கத்தில் வந்ததும் நிரப்ப ஒன்றும் கிடைக்காமல் நின்றுவிடுகிறோம். அந்த வெற்றிடத்துக்குள் வந்து விழுவதுதான் அந்தச் சிரிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அது கேலியா, பதற்றமா, இரக்கத்தின் ஏதோ ஒரு கோணலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சினிமா இந்தச் சிரிப்பை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. 1955இல் வந்த 'தி லேடிகில்லர்ஸ்' படத்தில் லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கோணல்மாணலான வீடு, அதில் மிஸஸ் வில்பர்ஃபோர்ஸ் என்ற கைம்பெண். மாடியில் வாடகைக்கு வரும் ஐந்து கொள்ளைக்காரர்கள் சங்கீதம் பயிலும் கோஷ்டி என்று சொல்லிக்கொள்கிறார்கள். கொள்ளையடித்த பணத்தை ரயில் நிலையத்திலிருந்து போலீஸ் கண்ணெதிரே வெளியே கொண்டுவர அவர்கள் பயன்படுத்துவது கிழவியைத்தான். பிறகு உண்மை தெரிந்துவிட்ட அவளைக் கொல்லச் சீட்டு எடுக்கிறார்கள். கொல்ல முடியாமல் ஒருவரையொருவர் தீர்த்துக்கொள்கிறார்கள். அவள் பணத்தைப் பற்றிப் போலீஸிடம் சொல்லப் போகிறாள். அவர்கள் நம்பவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். அலெக் கின்னஸ், பீட்டர் செல்லர்ஸ் என்று பெருந்தலைகள் சுற்றி நின்றும் படம் கேட்டி ஜான்சனுடையது. எழுபதைத் தாண்டிய வயதில் அவருக்கு பாஃப்டா விருதும் வாங்கித் தந்தது. படம் முழுக்க அந்தக் கிழவிக்கு என்று ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, ஒரு கோப்பைத் தேநீர் தவிர. அதற்குப் பதினோரு வருடம் முன்பு வெளியான 'ஆர்சனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' இதைவிடக் கறுப்பான நகைச்சுவை. இரண்டு வயதான சகோதரிகள் தனிமையில் வாடும் கிழவர்களை வரவழைத்துப் பழமதுவில் விஷம் கலந்து கொடுத்து நிலவறையில் புதைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் தர்மம் என்கிறார்கள். பாவம், தனியாகக் கஷ்டப்படுகிறார்கள், நாங்கள் விடுவிக்கிறோம். பன்னிரண்டு கொலை செய்தும் அதில் ஒன்றுகூடத் தங்களுக்காகச் செய்ததில்லை. கொலைகாரிகளாக இருக்க அனுமதி உண்டு, சுயநலக்காரிகளாக இருக்கத்தான் இல்லை.

தமிழில் இதற்கு நிகராக நான் நினைப்பது, யாரும் இந்த வரிசையில் வைத்துப் பேசாத ஒரு படத்தை. சி.எஸ். அமுதன் இயக்கிய 'தமிழ்ப் படம்' 2010 ஜனவரியில் வந்தது. தமிழ் சினிமாவின் ஒவ்வொரு வழக்கத்தையும் பிடித்து உலுக்கிய அந்தப் படத்தில், நகரத்தையே ஆட்டிவைக்கும் 'டி' என்ற தாதா யார் என்ற மர்மம் கடைசிவரை ஓடும். முகம் தெரியும்போது அது நாயகனை வளர்த்த பாட்டி, பறவை முனியம்மா. தியேட்டரே உருண்டு புரண்டு சிரித்த கட்டம் அது. ஏழு வருடம் முன்பு 'தூள்' படத்தில் அதே பறவை முனியம்மா மதுரைப் பக்கத்துக் கணீர்க் குரலில் பாட, விக்ரம் அடியாட்களைத் துவைத்துக்கொண்டிருந்தார். தமிழ் பார்வையாளர் மனதில் அவர் அப்படி ஒரு பாட்டி. பேரனுக்குப் பாடுகிற, ஊரின் நல்லதெல்லாம் திரண்ட ஒரு தொண்டை. அமுதனின் நகைச்சுவை அந்த நினைப்பின் மேல்தான் ஏறி உட்கார்ந்தது. அது இருக்கட்டும். எனக்கு உறுத்துவது அவள் சொல்லும் காரணம். பேரனின் பேர் ஓங்க வேண்டும், அவன் பெரிய ஆளாக வர வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் செய்தாளாம். எல்லா வழக்கத்தையும் கிழித்துப் போட்ட படம் ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் கை வைக்காமல் விட்டுவிட்டது. நகரத்தின் மொத்தக் குற்றமும் கையில் இருந்தும் பாட்டிக்குப் பாட்டியாகவே இருக்க வேண்டியிருக்கிறது. ஒருவேளை அதையும் சேர்த்துத்தான் அமுதன் கிண்டலடித்தாரோ என்ற சந்தேகமும் இருக்கிறது. பகடிப் படத்தில் எது பகடி, எது பழக்கம் என்று கண்டுபிடிப்பது சுலபமில்லை.

அதே 'தூள்' படத்தில் இன்னொரு மூத்த பெண் உண்டு, தெலங்கானா சகுந்தலா நடித்த சொர்ணாக்கா. தொண்டை கிழிய அதட்டி, ஆட்களை வைத்து வேலை வாங்கி, மந்திரிக்கே தேவைப்படுகிற ரவுடி. பாடுகிற பாட்டி ஒரு பக்கம், அடிக்கிற அக்கா ஒரு பக்கம் என்று இரண்டு பேரையும் ஒரே படத்துக்குள் இயக்குநர் தரணி வைத்தார். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருக்கலாம் என்ற எண்ணம் வர தமிழ் சினிமாவுக்கு ஏழு வருடம் ஆனது, அதுவும் விளையாட்டாக.

யாருக்காக என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற படங்களைப் பார்த்தால் சலிப்பாக ஒரே பதில் வருகிறது. பாங் ஜூன்-ஹோவின் 'மதர்' 2009இல் வந்தது. கொரியத் தொலைக்காட்சியில் பல்லாண்டுகள் நாட்டுக்கே அம்மாவாக இருந்த கிம் ஹே-ஜாவை எடுத்து, மகனைக் காப்பாற்ற எதையும் செய்யக்கூடிய ஒருத்தியாக நிறுத்தினார். சிரிப்பும் குமட்டலும் ஒன்றாக வரும் படம். அந்தப் படத்தை நான் வியக்கிறேன். ஆனால் அங்கேயும் மகன்தான் காரணம். நெல்சனின் 'கோலமாவு கோகிலா'வில் பெண் கொக்கெய்ன் கடத்துவது அம்மாவின் புற்றுநோய்ச் செலவுக்கு. வெற்றிமாறனின் 'வட சென்னை'யில் சந்திரா வருடக்கணக்கில் காத்திருந்து காய் நகர்த்துவது கொலையான கணவனுக்காக. வேறு விதமாக யோசித்தது, எனக்குத் தெரிந்து, 2024இல் வந்த 'தெல்மா' என்ற அமெரிக்கப் படம். போனில் பேரன்போலப் பேசி ஏமாற்றிய கும்பலிடம் பத்தாயிரம் டாலரைப் பறிகொடுத்த கிழவி, எல்லாரும் போனது போகட்டும் என்று சொல்லியும் கேட்காமல் தன் பணத்தைத் தேடிக் கிளம்புகிறாள். தொண்ணூறைத் தாண்டிய ஜூன் ஸ்குவிப், ஒரு மின் ஸ்கூட்டரில். தன் பணம் தனக்கு வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் திரையில் தெரியும்போது படத்துக்கு வேறொரு சூடு வருகிறது. ஆனால் அவள் இழந்ததைக் கேட்கிறாள். இல்லாததைக் கேட்கும் கிழவி இன்னும் அரிது.

அந்த அரிதான ஆள் தமிழில் இருக்கிறாள் என்பதுதான் வேடிக்கை. 'மைக்கேல் மதன காமராஜன்', 1990. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம். பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன் காதலிக்கும் திருப்புவின் பாட்டியாக எஸ்.என். லட்சுமி. போகிற இடத்தில் எல்லாம் பாட்டியின் கை சும்மா இருக்காது, எதையாவது எடுத்து மறைத்துவிடும். யாருக்காகவும் இல்லை. பேத்தி கல்யாணத்துக்கு என்றுகூட ஒரு சாக்கு கிடையாது. கைக்கு ஆசை, கை எடுக்கிறது. நாடக மேடையிலிருந்து வந்த எஸ்.என். லட்சுமி அதைச் செய்யும்போது முகத்தில் குற்ற உணர்ச்சி துளியும் தெரியாது, ஒரு சின்னக் குறுகுறுப்பு மட்டும் தெரியும். தமிழ் சினிமாவின் எல்லாக் குற்றவாளிக் கிழவிகளிலும் எனக்கு மிகவும் பிடித்தவள் அவள்தான். ஆனால் அந்தப் படத்தில் அவள் திருட்டுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. மடிசார் கட்டிய பாட்டி திருடினால் அது வியாதி, குடும்பத்தார் தலையில் அடித்துக்கொள்வார்கள், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார்கள். அதே கையை ராயபுரத்துக்குக் கொண்டுவந்து, அதே குறுகுறுப்போடு ஒரு பொருளை மடியில் செருக வைத்தால் அது வழக்கு. இந்தச் சிரிப்பு எந்தத் தெரு வரைக்கும் வரும், எந்தத் தெருமுனையில் திரும்பிப் போய்விடும் என்பதை யாராவது ஒரு வரைபடமாகப் போட்டால் தேவலை.

வடசென்னை தமிழ் சினிமாவுக்குக் குற்றத்தின் நிரந்தர முகவரி. மற்ற ஊர்க் கதையில் யாராவது குற்றம் செய்ய வேண்டும், இங்கே கதை தொடங்கும்போதே செய்து முடித்திருப்பார்கள். ஆனால் இருட்டும் சிரிப்பும் கலந்த படமாக இந்தப் பக்கத்திலிருந்து வந்ததில் இன்றும் உயரத்தில் இருப்பது தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்', 2011. சிங்கப்பெருமாள், பசுபதி, சேவல் சண்டைக்காரர் காளையன், அவர் மகன் கொடுக்காப்புளி என்று ஆம்பளைகள் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டு கிடக்க, யாரும் பொருட்படுத்தாத சுப்பு பணப்பையோடு நடந்து வெளியேறுகிறாள். லண்டன் கிழவியின் கணக்கும் இதே கணக்குத்தான், அவள் தெரியாமல் செய்ததை இவள் தெரிந்தே செய்கிறாள். சுப்புவுக்கு யாரையும் காப்பாற்ற வேண்டியதில்லை. அவளுக்கு வேண்டியது வெளியே போவது, கையில் காசோடு. படம் அதை மன்னிக்கவுமில்லை, கண்டிக்கவுமில்லை. அவள் இளம்பெண் என்பதால்தானே இது முடிந்தது என்று நான் என்னையே கேட்டுக்கொள்வதுண்டு. சுப்புவுக்கு எழுபது வயதாகி, அதே பையோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தால், எழுதுகிறவர் கை தானாகவே பக்கத்தில் ஒரு பேரனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும். இந்தப் பகுதியை வைத்து எடுத்த மற்ற படங்களில் ஆயாக்களுக்குக் கொடுத்திருக்கும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். பிணம் வீட்டுக்கு வந்ததும் மாரில் அடித்துக்கொண்டு அழுவது. அழுகைக்கு அவர்களை விட்டால் ஆளில்லை என்று படக்குழுவுக்குத் தெரிகிறது. காரணம் வேண்டாம், வசனம் வேண்டாம், முன்கதை வேண்டாம், குரல் மட்டும் போதும்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்னால் போய் நின்றவர்களுக்கு இது எவ்வளவு பொய் என்று தெரியும். விசைப்படகுகள் வந்து அணைய அணைய ஏலம் கூவத் தொடங்கும். டீசல் வாடை, உடைத்த ஐஸின் வாடை, நேற்றைய ரத்தத்தின் வாடை எல்லாம் கலந்து கால் வைக்கிற இடமெல்லாம் வழுக்கும். அந்த நெரிசலில் ஆம்பளை வியாபாரிகளை முழங்கையால் தள்ளிக்கொண்டு ஏலக்காரரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டுகிற கிழவிகளை யாராலும் கவனிக்காமல் இருக்க முடியாது. முழங்கால் வரை தூக்கிச் செருகிய சேலை, வெற்றிலை குதப்பிய வாய், இடுப்பில் சுருக்குப்பை. சங்கராவா, காரப்பொடியா, கடம்பாவா, இன்றைக்கு எது போகும் எது தேங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கூறு போட்டு உட்கார்ந்த பிறகு மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தால், "இன்னா கண்ணு, வாங்குனா வாங்கு, இல்லாங்காட்டி கை வெக்காத" என்று வரும். அந்தச் சுருக்குப்பையை அவர்கள் முழுசாகத் திறந்து யாரும் பார்த்ததில்லை. இரண்டு விரல் மட்டும் உள்ளே போய், வேண்டிய நோட்டை மட்டும் தொட்டு எடுத்துக்கொண்டு வரும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது மகனுக்கும் தெரியாது, மருமகளுக்கு நிச்சயமாகத் தெரியாது. தண்டலுக்கு விடுகிறவர்களும் இவர்களில் உண்டு. பத்தாயிரம் என்று பேசி எட்டாயிரத்து ஐநூறைக் கையில் கொடுத்து, தினம் நூறாக நூறு நாள் வசூலிக்கும் கணக்கு அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடற்கரையே கடனில் ஓடும்போது சுருக்குப்பைகளுக்குத்தான் கிராக்கி. கருவாடு காயப்போட்ட தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தபடி யார் எத்தனை நாள் பாக்கி என்று எழுதிவைக்காமலே சொல்லும் ஆயாவுக்கு, இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்க அந்தத் தெருவில் யாருக்கும் தைரியம் கிடையாது. அவளுக்குத் தேவை என்பது எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு வேண்டும்.

அதனால்தான் மிஸஸ் வில்பர்ஃபோர்ஸை அப்படியே தூக்கி இங்கே கொண்டுவர முடியாது என்று நினைக்கிறேன். அந்தத் தந்திரம் ஓட வேண்டுமென்றால் கிழவியிடம் ஆசை இருக்க முடியாது என்று ஊரே நம்ப வேண்டும். இங்கே நம்ப மாட்டார்கள். இங்கே மாடி வாடகைக்கு வரும் ஐந்து பேர் பேண்டு கோஷ்டி என்று சொன்னால், முதல் நாளே ஆயா அட்வான்ஸை ஏற்றியிருப்பாள். ஆனால் இப்படி எழுதும்போதே எனக்கு ஒரு தயக்கம் வருகிறது. ஆயாவின் அதட்டலை ரசித்து அதையே அதிகாரம் என்று சொல்லிவிடுவதும் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களின் பழக்கம்தான். முழங்கையால் தள்ளத் தெரிந்தவளுக்கு முழங்கால் வலிக்கு மருந்து வாங்கக் காசு இருக்கும் என்று அர்த்தமில்லை. தண்டலுக்கு விடுகிறவள் ஒருத்தி என்றால் தண்டல் கட்டுகிறவர்கள் பலர். அந்தப் பலரில்தான் பொட்டலம் விற்கப் போகிறவளும் இருக்கிறாள். அவளைத் தேர்ந்தெடுக்கிறவன் சட்டத்தை நன்றாகப் படித்தவன். சூரியன் மறைந்த பிறகு, விதிவிலக்கான காரணம் இருந்தாலொழிய, பெண்ணைக் கைது செய்யக் கூடாது. கைது செய்யப் பெண் காவலர் வேண்டும். ஜாமீன் கேட்கும்போது பெண் என்பதையும் உடல் நலிவையும் நீதிமன்றம் பார்க்கும். கையில் இருப்பது ஒரு கிலோவுக்குள் என்றால் அதிகபட்சம் ஓராண்டு, இருபது கிலோவைத் தாண்டினால் பத்தாண்டிலிருந்துதான் தொடங்கும். ஆகவே ஒரு கிலோவுக்குள், ஒரு கிழவியின் மடியில். கரிசனத்தில் எழுதிய சட்டத்தின் ஒவ்வொரு வரியையும் அவன் ஒரு வசதியாக மாற்றிக்கொள்கிறான். லண்டன் கொள்ளைக்காரர்களும் அதையேதான் செய்தார்கள். இந்தக் கதையில் சிரிப்பதற்கு உரிமை உள்ளவன் அவன் ஒருவன்தான், படத்தில் அவன் இருப்பதில்லை.

படத்தில் இல்லாதவர்கள் என்றதும் எண்ணூர் ஞாபகம் வந்துவிடுகிறது, கொஞ்சம் விலகிப் போகிறேன். குற்றப் படத்துக்கு ஒரு முகம் வேண்டும். கத்தி பிடித்த கை, தழும்புள்ள கன்னம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன் பெரியகுப்பத்துக்கு எதிரே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணும் தொண்டையும் எரிய சனங்கள் இருட்டில் தெருவுக்கு வந்து ஓடினார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்தில் பரவி, படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டிருந்தது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதியபோது கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளிய அதே கரை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011இல் நீதிமன்ற உத்தரவால் நின்றதும் ராயபுரத்து வீடுகளின் சன்னல் கம்பியில் கருந்தூசி குறைந்தது. கரி எண்ணூருக்குப் போனது. அங்கே அனல் மின்நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றின் சேற்றில் படிந்து, கையால் துழாவி இறால் பிடிக்கிற பெண்களின் விரலிடுக்கில் ஏறுகிறது. இதையெல்லாம் குற்றப் படமாக எடுக்க முடியாது என்று ஒரு தயாரிப்பாளர் சொன்னால் அவர் சொல்வது தொழில்ரீதியாகச் சரி. குழாயை யார் கைது செய்வது, எந்த இரண்டு காவலர்களுக்கு நடுவில் நிறுத்திப் படம் எடுப்பது? ஆனால் ஒரு நகைச்சுவையாக, அதுவும் கறுப்பு நகைச்சுவையாக, இதைவிடத் தோதான ஊர் எது? குழாய்க்கு ஆசை இருக்கும் என்றும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

திரும்ப ஆயாவிடம் வருகிறேன். அவளை நாயகியாக வைத்து யாராவது எடுத்தால் அவள் எப்படிப் பேசுவாள் என்பதே முதல் சிக்கல். மெட்ராஸ் பாஷை தமிழ் சினிமாவில் வெகுகாலமாகச் சிரிக்க வைக்கும் பாஷை. 'பொம்மலாட்டம்' படத்தில் 1968இலேயே மனோரமா அந்தப் பாஷையில் ஒரு பாட்டுப் பாடி ஊரையே சிரிக்க வைத்துவிட்டார். இருபது வருடம் கழித்து 'பாட்டி சொல்லைத் தட்டாதே' என்று ஒரு படத்தின் முழு பாரமும் அவர் தலையில் ஏறியது. பாட்டி நாயகியானால் தமிழ்நாடு பார்க்கும் என்று அவர் அப்போதே காட்டிவிட்டார். ஆனால் பாஷையே சிரிப்பாக இருக்கும்போது, பேசுகிறவள் கொலை செய்துவிட்டேன் என்று சொன்னாலும் முதலில் சிரிப்புத்தான் வரும். அந்தச் சிரிப்பு அடங்கி, அவள் சொன்னது என்ன என்று உறைக்கும் அந்த ஒரு விநாடியைப் பிடிக்கத் தெரிந்த இயக்குநர் வேண்டும். நடிப்பதற்கு யார் என்று கேட்டால் எனக்கு எந்த நட்சத்திரமும் வேண்டாம். ஏலத்தில் விரல் நீட்டுகிற ஒருத்தி போதும். அவளை நடிக்கக் கூப்பிட்டால் முதலில் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்பாள், அடுத்து அன்றைய வியாபாரம் போனதற்கு யார் தருவார்கள் என்று கேட்பாள். அந்த இரண்டு கேள்வியையும் வெட்டாமல் படத்திலேயே வைத்துவிடலாம். தண்டையார்பேட்டையில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய அகஸ்தியா தியேட்டர் இருந்திருந்தால் அங்கே முதல் காட்சி போடலாம். அதுவும் 2020இல் மூடியாகிவிட்டது.

கதையை நான் பாதிவரை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்க, டீயும் சுண்டலும் விற்கிற ஒருத்தியிடம் ஓர் இரவு ஒரு பை வந்து சேர்கிறது. யாருடையது, எதற்கு என்பதெல்லாம் எழுதுகிறவர் பாடு. அதற்காக நான்கு பேர் அடித்துக்கொண்டு சாக வேண்டும், அதற்கு இந்த ஊரில் ஆள் பஞ்சமில்லை. எனக்குச் சிக்கல் கடைசிக் காட்சியில்தான். பணம் அவளிடமே தங்க வேண்டும், அதில் மாற்றமில்லை. பேரன் படிப்புக்கு, பேத்தி சடங்குக்கு, கோயில் கூழுக்கு என்று எதற்கும் கொடுக்கக் கூடாது. ஆனால் அவள் அதை என்ன செய்வாள்? ஏசி அறையில் படுத்துக்கொள்ளும் கிழவியை நம்ப முடியவில்லை. ஊரை விட்டுப் போவாளா என்றால் மாட்டாள், சுப்புவுக்கு வெளியே போக வேண்டியிருந்தது, இவளுக்கு இங்கேதான் எல்லாக் கணக்கும். மூன்று வளையல், ஒரு கல்வைத்த மூக்குத்தி, அதுவும் மருமகள் கண்ணில் படுகிற மாதிரி, அதுவரை சரி. மீதியைக் கட்டாயம் தண்டலுக்கு விடுவாள். தடைக்காலம் தொடங்குகிற வாரமாக வைத்துக்கொண்டால் வாசலில் வரிசை தானாக நிற்கும். அந்த வரிசையில் மூன்றாவது ஆளாக, வழக்கை விசாரிக்க வந்த ஏட்டு, சீருடை மாற்றிக்கொண்டு நிற்கலாம், மகள் காலேஜ் பீஸ் என்று தலையைச் சொறிந்துகொண்டு. ஆயா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பத்தாயிரத்துக்கு எட்டாயிரத்து ஐநூறை எண்ணி வைப்பாள். "சார்னு பாத்தா கொறைக்க முடியாது நைனா, நாளையிலேர்ந்து நூறு."